போர் விமான எஞ்சினின் வான்தகுதி: யார் எதற்குக் கையெழுத்திடுவது, எதைப் பார்த்து

பயணிகள் விமான எஞ்சினில் ஐயம் எழுந்தால் கேள்வி கேட்க சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ இருக்கிறது. விமானப்படை, கடற்படை எஞ்சின்களிடம் அந்த அமைப்பின் அதிகாரம் செல்லாது. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை தன் மூன்றாம் பிரிவிலேயே ராணுவ விமானங்களை வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. அதனால் ஒவ்வொரு நாடும் தன் ராணுவ எஞ்சின்களுக்குத் தானே விதி எழுதி, தானே மேற்பார்வையும் செய்துகொள்கிறது. இந்தியாவில் இந்தப் பணி பல அலுவலகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பிரித்ததால் வரும் சிக்கலைவிட, ஒரு கையெழுத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று தெரியாமல் அடுத்தவர் அதை நம்பிவிடுவதால் வரும் சிக்கல்தான் அதிகம்.

வடிவமைப்புப் பிரிவு, தர ஆய்வு, எஞ்சினைப் பிரித்துச் சீரமைக்கும் ஓவர்ஹால் ஷாப், படைத்தளப் பராமரிப்பு என எந்தப் பக்கத்திலிருந்து எஞ்சின் வான்தகுதி வேலைக்கு வந்தாலும் முதல் ஓராண்டில் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதியிருக்கிறோம்.

பொறுப்பைப் பிரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

செமிலாக் என்று எல்லோரும் சொல்லும் ராணுவ வான்தகுதிச் சான்றளிப்பு மையம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் கீழ் 1995 முதல் பெங்களூரில் இயங்குகிறது. எஞ்சின்களுக்கென்று பெங்களூரில் ஒரு வட்டார மையமும், கோராபுட்டில் இன்னொன்றும் அதற்கு உண்டு. அது பதில் சொல்ல வேண்டிய கேள்வி: இந்த வடிவமைப்பு பறக்கத் தகுதியானதா? டிஜிஏக்யூஏ எனப்படும் விமானத் தர உறுதித் தலைமை இயக்குநரகத்தின் கேள்வி வேறு: கையில் இருக்கும் இந்தப் பொருள், ஒப்புதல் பெற்ற வடிவமைப்பின்படியேதான் செய்யப்பட்டதா, ஓவர்ஹால் செய்யப்பட்டதா? மூன்றாவது கேள்வி படைத் தலைமையகத்துடையது: இந்த எஞ்சின் இன்று பறக்கும் நிலையில் பராமரிக்கப்பட்டிருக்கிறதா? இம்மூன்றுக்கும் முன்னால் நிற்பவர் வடிவமைத்தவரும் தயாரிப்பவரும். அரசின் விமானத் தொழிற்சாலையான எச்ஏஎல், டிஆர்டிஓவின் எஞ்சின் ஆய்வகமான ஜிடிஆர்இ, வெளிநாட்டு நிறுவனம் என யாராக இருந்தாலும் நிரூபிக்கும் கடமை அவருடையது. மேற்பார்வையாளர் அந்த நிரூபணத்தைத் தட்டிப் பார்ப்பவர்; அவருக்காகச் சோதனை செய்து கொடுப்பவராக மாறிவிட்டால் தட்டிப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ராணுவ விமான வடிவமைப்பு, தயாரிப்புக்காக 2002-இல் வந்த டிடிபிஎம்ஏஎஸ் நடைமுறை நூலின் இடத்தில் இப்போது ஐஎம்டிஏஆர்-21 என்ற ராணுவ வான்தகுதி விதி நூல் இருக்கிறது. பழைய கோப்புகள் பழைய நூலின் பிரிவு எண்களைச் சொல்லும். அதனால் இரண்டையும் மேசையில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் கோப்பைத் திறக்கும் முன் ஒரே ஒரு தாளைத் தயார் செய்யுங்கள். இடப்பக்கம் முடிவுகளின் வகைகள்: கன்செஷன் (வரைபட அளவிலிருந்து விலகிய பாகத்தை ஏற்கும் அனுமதி), வடிவமைப்பு மாற்றம், புதிய பழுதுநீக்க முறை, மாற்றுப் பாகம், ஆயுள் நீட்டிப்பு, எஞ்சின்களை நிறுத்தி வைத்தல், மீண்டும் பறக்க விடுதல். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு பெயர்கள்: முன்மொழிபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர், தகவல் பெற வேண்டியவர். கட்டம் எதுவும் காலியாக இருக்கக் கூடாது. ஒரே கட்டத்தில் இரண்டு பெயர் இருந்தாலும் தவறுதான், இருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிடுவார்கள். 'மீண்டும் பறக்க விடுதல்' என்ற வரிதான் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். நிறுத்தச் சொன்னவர் ஒருவர், விடச் சொல்பவர் யார் என்று அப்போதுதான் தேடத் தொடங்குவார்கள்.

இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 2017 ஜூலை 10 அன்று மிசிசிப்பியில் மரைன் படையின் கேசி-130டி சரக்கு விமானம் நடுவானில் உடைந்து 16 பேர் இறந்தார்கள். ஒரு புரொப்பெல்லர் பிளேடில் அரிப்புக் குழியிலிருந்து வளர்ந்த விரிசல் காரணம். அந்த பிளேடு 2011-இல் விமானப்படையின் வார்னர் ராபின்ஸ் பணிமனையில் ஓவர்ஹால் ஆகி வந்தது. அரிப்பு அங்கேயே நீக்கப்பட்டிருக்க வேண்டும். வேலை செய்தது ஒரு படை, பாகத்தைப் பறக்கவிட்டது இன்னொரு படை. உங்கள் எஞ்சினின் ஏதாவது ஒரு பாகம் வேறொரு படையின் பணிமனைக்கோ தனியார் ஷாப்புக்கோ போகிறதென்றால், அங்கே நேரில் போய் ஆய்வு செய்யும் உரிமையும் கடமையும் யாருடையது என்று அந்தத் தாளில் தனி வரி எழுதுங்கள்.

இறக்குமதி எஞ்சினில் சிக்கல் இன்னொரு வகை. தேஜஸில் இருப்பது ஜிஇ நிறுவனத்தின் எஃப்404-ஐஎன்20. கணக்குகளும் சோதனைத் தரவும் அமெரிக்காவில் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் கேட்டது மட்டுமே இங்கே வரும். ஆகவே வான்தகுதிப் பொறியாளர் கொள்முதல் கட்டத்திலேயே உட்கார்ந்து நான்கு விஷயங்களை எழுதிக் கேட்க வேண்டும்: முக்கியப் பாகங்களின் பட்டியல், அவற்றின் ஆயுளைக் கணக்கிட்ட முறை, பிற நாடுகளில் அதே வகை எஞ்சின் பழுதானால் எத்தனை நாளுக்குள் இங்கே தகவல் வர வேண்டும் என்ற கெடு, நம் பறப்புத் தரவை அவர்கள் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மறுகணக்கிட வேண்டும் என்பது. கையெழுத்தான பிறகு கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி விலை சொல்வார்கள்.

எஞ்சின் எந்த விமானத்தில் உட்காருகிறது என்பதும் பொறுப்பை மாற்றும். எஃப்404 குடும்பம் அமெரிக்கப் போர் விமானமான எஃப்/ஏ-18-இல் இரண்டாகப் பறந்து பெயர் வாங்கியது. அங்கே நடுவானில் ஓர் எஞ்சின் நின்றால் அது ஒரு சம்பவம். சூலூரில் 2020 மே மாதம் தேஜஸுடன் மீண்டும் தொடங்கிய 18-ஆம் ஸ்குவாட்ரனுக்கு அதே நிகழ்வு விமான இழப்பு. அதனால் எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவியின் ஒரு சிறு கோளாறுகூட ஒற்றை எஞ்சின் விமானத்தில் முதல் வகுப்பு அபாயமாகப் பதிவாக வேண்டும். எஞ்சின் நிறுவனத்தின் அபாய அட்டவணையை அப்படியே நகலெடுத்துவிடாமல், விமானத்தோடு சேர்த்து மறுவகைப்படுத்துங்கள்.

சான்றின் அடிப்படை

எந்த விதி நூலின்படி எஞ்சின் சோதிக்கப்பட்டது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பிரிட்டிஷ் வழி வந்த அடோர் (ஜாகுவார், ஹாக் விமானங்களின் எஞ்சின்) போன்றவற்றுக்கு டெஃப் ஸ்டான் 00-970 என்ற பிரிட்டிஷ் விதி நூலின் 11-ஆம் பகுதி, அமெரிக்க வழி வந்தவற்றுக்கு அமெரிக்க ராணுவ விதியான மில்-இ-5007-உம் அதன் வாரிசுகளும், ரஷ்ய எஞ்சின்களுக்கு அவர்களின் சொந்த விதிகள். மூன்றிலும் 'ஆயுள்' என்ற சொல்லின் பொருள் ஒன்றல்ல. ரஷ்ய முறையில் ஓவர்ஹாலுக்கு இடைப்பட்ட மணி நேரமும், முழு எஞ்சினின் மொத்த ஆயுளும், நாள்காட்டி ஆண்டும் சேர்ந்து வரம்பாகும். மேற்கத்திய முறையில் பாகத்துக்குப் பாகம் சுழற்சிக் கணக்கு; எஞ்சின் வேகம் ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு சுழற்சி.

மில்-இ-5007 முறையில் முதல் பறப்புக்கு முன் 60 மணி நேரச் சோதனை, தகுதிக்கு 150 மணி நேரச் சோதனை. அறிக்கையில் 'தேறியது' என்ற வரியைப் படிக்கும் முன், சோதனைக்குப் போன எஞ்சினின் பாகப் பட்டியலை எடுத்து, இன்று தயாராகும் எஞ்சினின் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேறுபடும் ஒவ்வொரு பாக எண்ணுக்கும் ஒரு மாற்ற ஒப்புதல் கோப்பு இருக்க வேண்டும்.

தகுதிச் சோதனை எதையெல்லாம் தொடாது என்பதை எஃப்-35 காட்டியது. 2014 ஜூன் 23 அன்று அமெரிக்காவின் எக்லின் தளத்தில் புறப்பட ஓடிய எஃப்-35ஏ தீப்பிடித்தது. எஃப்135 எஞ்சினின் விசிறிப் பகுதியின் மூன்றாம் கட்டச் சுழலி சிதறியிருந்தது. சில வாரங்களுக்கு முன் அதே விமானம், அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்ளேயே, சுமார் இரண்டு வினாடி உருளலும் திரும்பலும் புவியீர்ப்புச் சுமையும் ஒன்றுசேர்ந்த ஓர் அசைவைச் செய்திருந்தது. சுழலி தன்னைச் சுற்றியிருந்த, உரசினால் தேய்ந்து இடம் கொடுக்கும் பொருளில் எதிர்பார்த்ததைவிட ஆழமாக உரசி, வெப்பம் ஏறி, நுண்விரிசல்கள் பிறந்தன. சோதனை பெஞ்சில் நேராக நின்று ஓடும் எஞ்சினுக்கு அந்த அசைவுச் சுமை வரவே வராது. புதிய எஞ்சினுக்கு அனுமதி தரும்போது, விமானத்தின் அசைவுச் சுமைகள் எஞ்சின் இடைவெளிக் கணக்கில் எந்தப் பக்கத்தில் வந்திருக்கின்றன என்று கேளுங்கள்.

ஆயுள் கணக்கு: கவனம் முழுவதும் இங்கே

எஞ்சினில் சில பாகங்கள் உடைந்தால் உறைக்குள் அடங்காது: விசிறி, கம்ப்ரெசர், டர்பைன் டிஸ்க்குகள், சில தண்டுகள். பிரிட்டிஷ் வழக்கில் இவை 'ஏ பிரிவு' பாகங்கள், அமெரிக்கர்கள் முறிவு-முக்கியப் பாகங்கள் என்பார்கள். எஞ்சின் எவ்வளவு அழகாக ஓடினாலும் டிஸ்க்கின் களைப்பு (திரும்பத் திரும்ப ஏறும் சுமையால் உலோகம் பலவீனமாவது) எந்த மீட்டரிலும் தெரியாது. வெப்பநிலை சரி, அதிர்வு சரி, எண்ணெய் சுத்தம், ஆனால் டிஸ்க் தன் கடைசி 50 சுழற்சியில் இருக்கலாம். அதைக் காட்டுவது பாகத்தின் வரலாற்றைப் பதியும் லாக் கார்டு மட்டுமே.

பிரிட்டிஷ் வழியில் பாதுகாப்பு ஆயுள் என்பது, 750 டிஸ்க்குகளில் ஒன்றில் மட்டும் சுமார் 0.75 மி.மீ. நீள விரிசல் தோன்றக்கூடிய சுழற்சி எண்ணிக்கை, 95 சதவீத நம்பகத்தோடு. அந்த எண்ணை எட்டிய டிஸ்க், விரிசல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கழிக்கப்படும். 1984-இல் அமெரிக்க விமானப்படை கொண்டுவந்த என்சிப் (எஞ்சின் கட்டமைப்பு உறுதித் திட்டம்) முறை வேறு கோணம்: முதல் நாளே பாகத்தில் கண்ணுக்குத் தப்பிய குறை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள், அது வளர்ந்து உடைய ஆகும் காலத்தில் பாதிக்குள் ஆய்வு செய். என்சிப் முறைப் பாகத்தில் ஆய்வு தவறிப்போனால் கணக்கே குலைகிறது. ஆகவே அங்கே ஆய்வாளரின் தகுதிச் சான்றையும் ஆய்வுக் கருவியின் கண்டறியும் திறனையும் ஆயுள் கணக்கின் பகுதியாகவே பாருங்கள்.

மணி நேரத்தைச் சுழற்சியாக மாற்றும் விகிதத்தில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. எடுத்துக்காட்டுக்கு, ஒரு டிஸ்க்கின் பாதுகாப்பு ஆயுள் 6,000 சுழற்சி, மணிக்கு 1.8 சுழற்சி என்று ஒப்புதல் பெற்ற விகிதம் என்று வைப்போம். 1,400 மணி நேரம் பறந்ததும் 2,520 செலவு, மீதி 3,480. பழைய விகிதத்தில் இது 1,933 மணி நேரம். இப்போது ஸ்குவாட்ரனின் வேலை மாறுகிறது: தாழ்வான தாக்குதல் பயிற்சி, வரிசைப் பறப்பு, அடிக்கடித் த்ராட்டில் அசைவு. தரவைப் பதிவுசெய்து அளந்தால் மணிக்கு 3.2 சுழற்சி வருகிறது. மீதி 1,087 மணி நேரம்தான். யாரும் விகிதத்தைத் திருத்தாவிட்டால், அந்த டிஸ்க் தாளில் ஆயுளோடும் உண்மையில் ஆயுள் கடந்தும் 846 மணி நேரம் பறக்கும்.

வரிசைப் பறப்பில் தலைவரின் எஞ்சினும் ஓரத்தில் பறப்பவரின் எஞ்சினும் ஒரே நேரத்துக்குச் செலவழிக்கும் ஆயுள் பல மடங்கு வேறுபடும். தலைவர் த்ராட்டிலை ஓரிடத்தில் வைத்திருப்பார், ஓரத்தில் இருப்பவர் இடத்தைப் பிடிக்க ஓயாமல் அசைத்துக்கொண்டிருப்பார். படையணி முழுவதற்கும் ஒரே சராசரி விகிதம் என்றால், ஓரத்து எஞ்சின்களின் டிஸ்க்கை நீங்கள் கடன் வாங்கிப் பறக்கிறீர்கள்.

அமெரிக்கப் போர் விமானங்களின் எஃப்100 எஞ்சினில் இதற்காகவே சுழற்சிகளை எடைபோட்டுக் கூட்டும் வழக்கம் இருக்கிறது. எஞ்சினைத் தொடங்கி முழுத் திறனுக்கு ஏற்றி நிறுத்தினால் 1. ஐடில் எனும் மிகக் குறைந்த ஓட்ட நிலையிலிருந்து முழுத் திறனுக்குப் போய் வந்தால் கால். பயண வேகத்திலிருந்து ஏறி இறங்கினால் நாற்பதில் ஒன்று. ஒரு பறப்பில் 1 தொடக்கம், 8 ஐடில் ஏற்றம், 20 சிறு ஏற்றம் என்றால் 1 + 2 + 0.5 = 3.5. உங்கள் எஞ்சினின் எடைகள் வேறாக இருக்கும். ஆனால் பதிவுக் கருவி பழுதான நாட்களுக்கு என்ன எண் போடுவது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா என்று எங்கும் பாருங்கள். சராசரியைப் போடுவது வழக்கம். போட வேண்டியது அந்த வகைப் பணியின் மிகக் கடுமையான எண்.

லாக் கார்டைப் பிறப்பிலிருந்து இன்றுவரை பின்தொடர முடிய வேண்டும்: உருக்கிய வார்ப்பின் எண், ஃபோர்ஜிங் தொகுதி, வரிசை எண், எந்தெந்த எஞ்சினில் எத்தனை சுழற்சி. மாட்யூல்களாகப் பிரியும் எஞ்சினில், மாட்யூல் இடம் மாறும்போது கார்டும் கூடவே போக வேண்டும். போகாமல் பழைய எஞ்சின் கோப்பிலேயே தங்கிவிடுவது மாதம் ஒருமுறையாவது பார்க்கக் கிடைக்கும் தவறு. 1989-இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த டிசி-10-இன் விசிறி டிஸ்க்கைத் தேடியபோது, அதே வரிசை எண்ணில் இரண்டு டிஸ்க்குகள் தயாரிப்பாளரின் பதிவேட்டில் இருந்தன. பயணிகள் விமானம்தான், பாடம் பொது. பதிவு தொலைந்த டிஸ்க்கை என்ன செய்வது? இடைவெளிக் காலம் முழுவதும் மிகக் கடுமையான விகிதத்தில் பறந்ததாகக் கணக்கிடுங்கள். அப்படியும் மீதி வந்தால் வையுங்கள், வராவிட்டால் வெட்டிப் போடுங்கள். துளையிட்டோ அறுத்தோ பயன்படுத்த முடியாதபடி செய்து, அதற்கும் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். வண்ணம் பூசி மூலையில் வைத்த டிஸ்க் என்றாவது ஒருநாள் ஸ்டோருக்குத் திரும்பி வரும்.

தயாரிப்பு மேற்பார்வை, கன்செஷன்

வரைபடத்தில் 0.02 மி.மீ. தளர்வு (அனுமதித்த விலகல்), பாகம் 0.03 வந்திருக்கிறது. ஷாப் கன்செஷன் கேட்கிறது. இந்த ஒரு பாகத்துக்கு இந்த 0.01 பரவாயில்லையா என்று மட்டும் பார்த்தால் பெரும்பாலும் பரவாயில்லைதான். பார்க்க வேண்டியவை வேறு. இதே பாகத்தின் மேல் ஏற்கெனவே எத்தனை கன்செஷன் ஏறியிருக்கிறது? தனித்தனியே பாதுகாப்பானவை சேரும்போது எப்படி? இதே அளவுக்கு முன்பு எத்தனை முறை கேட்டார்கள்? மூன்றாவது முறை வந்தால் கையெழுத்திடாதீர்கள். அது பாகத்தின் குறை என்ற நிலையைத் தாண்டிவிட்டது. இயந்திரமோ அச்சோ வரைபடமோ திருத்தப்பட வேண்டும்.

அளவில் தெரியாத மாற்றங்கள் அளவில் தெரிபவற்றைவிடக் கொடியவை. 1996-இல் அமெரிக்காவின் பென்சகோலாவில் ஓடுதளத்தில் எம்டி-88 பயணிகள் விமானம் ஒன்றின் விசிறி ஹப் (பிளேடுகளைத் தாங்கும் நடுப்பாகம்) சிதறி இருவர் இறந்தனர். டைட்டானியம் ஹப்பில் துளையிட்ட வேலை உலோகத்தைச் சூடாக்கி, துளைச் சுவரில் கடினப்பட்ட ஓர் அடுக்கை விட்டிருந்தது. துளையின் விட்டம் சரியாகவே இருந்தது. அதனால் சுழலும் முக்கியப் பாகங்களுக்கு வரைபடத்தோடு தயாரிப்பு முறைத் தாளும் உறைந்திருக்க வேண்டும்: டிரில்லின் வகை, சுழல்வேகம், ஊட்டும் வேகம், குளிர்திரவம், ஒரு டிரில்லுக்கு எத்தனை துளை. துணை ஒப்பந்ததாரர் இயந்திரத்தை மாற்றினாலே அது ஒப்புதல் கேட்க வேண்டிய மாற்றம். 'அளவு சரியாக வருகிறதே' என்ற பதிலை ஏற்காதீர்கள்.

மார்ச் மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிதியாண்டு முடிவில் எஞ்சின்களை ஒப்படைத்துவிடும் அவசரம் எந்த அரசுத் தொழிற்சாலைக்கும் உண்டு. அந்த மாதத்தில் வரும் கன்செஷன்களின் எண்ணிக்கையை ஆண்டின் மற்ற மாதச் சராசரியோடு ஒப்பிட்டு ஒரு வரைபடம் போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு விவாதத்துக்கு அதுவே போதும்.

ஓவர்ஹாலும் டெஸ்ட் பெட்டும்

ஓவர்ஹாலில் நேரில் நின்று பார்க்க வேண்டிய இடங்களை முன்கூட்டியே அறிவியுங்கள்: கழுவிய பின் விரிசலைக் காட்டும் ஊடுருவு சாய ஆய்வு, டிஸ்க் அளவெடுப்பு, சமநிலைப்படுத்தல், பேரிங் பொருத்தல், கடைசி மூடல். சாய ஆய்வில் தோல்விக்கு முதல் காரணம் சுத்தம். மணல் வீச்சில் சுத்தம் செய்தால் உலோகம் விரிசலின் வாய்மேல் பரவி மூடிக்கொள்ளும், சாயம் உள்ளே போகாது.

எஞ்சினைத் தரையில் பொருத்தி ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் பெட்டில் அளந்த எண்ணை அப்படியே வரம்போடு ஒப்பிடாதீர்கள். பெங்களூரும் கோராபுட் மாவட்டத்துச் சுனாபேடாவும் கடல் மட்டத்திலிருந்து உயரத்தில் இருக்கின்றன, அழுத்தம் குறைவு. கோடையில் காற்று சூடு. எல்லாவற்றையும் 15 டிகிரி, 101.325 கிலோபாஸ்கல் நிலைக்குத் திருத்த வேண்டும். நுழையும் காற்று 35 டிகிரி என்றால் 308.15-ஐ 288.15-ஆல் வகுக்க 1.069. வெளியேறும் வாயு 700 டிகிரி, அதாவது 973 கெல்வின். திருத்தினால் சுமார் 910 கெல்வின், 637 டிகிரி. சுழல்வேகத்தை அந்த விகிதத்தின் வர்க்கமூலமான 1.034-ஆல் வகுக்க வேண்டும். எஞ்சின் தயாரிப்பாளர் இந்த அடுக்கெண்ணைச் சற்று மாற்றிக் கொடுத்திருந்தால் அவருடையதையே பயன்படுத்துங்கள். திருத்தாமல் பார்த்தால் ஜனவரியில் தேறும் எஞ்சின் மே மாதம் தோற்கும். தோற்றதைக் கழற்றிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் மூடி, தேவையற்ற ஒரு பிரிப்பின் தவறுகளை உள்ளே விட்டுவிடுவார்கள்.

டெஸ்ட் பெட்டையே ஒரு கருவியாக எண்ணி, அளவுகள் முன்பே தெரிந்த குறிப்பு எஞ்சினைக் கொண்டு ஒப்பிட்ட தேதியைப் பாருங்கள். உள்ளிழுக்கும் வாய், புகைபோக்கி, உந்துவிசை அளக்கும் செல் இவற்றில் எதைத் தொட்டாலும் ஒப்பீட்டை மறுபடி செய்ய வேண்டும்.

படைத்தளத்தில் எண்ணெய் சொல்வது

எண்ணெய் மாதிரி எடுப்பது எளிய வேலை போலத் தோன்றும். எஞ்சினை நிறுத்திய அரை மணி நேரத்துக்குள், புதிய எண்ணெய் ஊற்றும் முன், சுத்தமான புதுக் குழாயில், தொட்டியின் அடிமட்டத்தைத் தொடாமல் எடுக்க வேண்டும். தாமதித்தால் துகள் அடியில் படியும். ஊற்றிய பின் எடுத்தால் அளவு நீர்த்துப்போகும். மாதிரிச் சீட்டில் கடைசி மாற்றத்துக்குப் பின் ஓடிய மணியும், ஊற்றிய அளவும் இல்லாமல் ஆய்வகம் தரும் எண்ணுக்குப் பொருளில்லை.

எண்ணைத் தனியாகப் படிக்காமல் உலோகங்களைச் சேர்த்துப் படியுங்கள். இரும்போடு மாலிப்டினமும் வனேடியமும் சேர்ந்து ஏறினால் எம்50 எஃகு பேரிங்கைச் சந்தேகிக்கலாம். அந்த எஃகில் குரோமியமும் மாலிப்டினமும் சுமார் 4 சதவீதம், வனேடியம் 1 சதவீதம். வெள்ளி ஏறினால் பேரிங் கூட்டின் பூச்சு. அலுமினியமும் மெக்னீசியமும் ஏறினால் கியர்பாக்ஸ் உறை. ஒரு பெரிய எச்சரிக்கை: நிறமாலைக் கருவி சுமார் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைப் பெரும்பாலும் பார்க்காது. பேரிங் மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும்போது துகள் அதைவிடப் பெரிது. ஆகவே எண்ணெய் அறிக்கை சுத்தமாகவும், எண்ணெய்ப் பாதையில் உலோகத் துகளைப் பிடிக்கும் சிப் டிடெக்டர் நிறையத் துகளோடும் இருந்தால் டிடெக்டரையே நம்புங்கள். பிடிபட்ட துகளைத் துடைத்து எறியாமல் பையிலிட்டு எஞ்சின் எண், தேதியோடு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தட்டையான செதில் என்றால் பேரிங் களைப்பு. சுருண்ட கம்பி என்றால் பெரும்பாலும் தயாரிப்பில் எஞ்சிய கடைசல் தூள்.

குறைபாடு வந்துவிட்டால்

முதல் நாளில் செய்ய வேண்டியது சான்றுகளைக் காப்பது. எஞ்சினைச் சுழற்றாதீர்கள், வாய்களை மூடுங்கள், எண்ணெய், எரிபொருள் மாதிரிகளை முத்திரையிடுங்கள், பதிவுக் கருவியின் தரவை இறக்குங்கள், லாக் கார்டைப் பூட்டி வையுங்கள். ஆர்வத்தில் தளத்திலேயே பிரித்துப் பார்ப்பது விசாரணையைக் கெடுக்கும் வழிகளில் முதன்மையானது.

அடுத்தது, இதே ஆபத்து வேறு எத்தனை எஞ்சின்களில் இருக்கிறது என்ற கேள்வி. அதே உருக்குத் தொகுதி, அதே பேரிங் தொகுதி, அதே ஓவர்ஹால் ஷாப், அதே பழுதுநீக்க முறை என்று நான்கு பட்டியல் எடுங்கள். காரணம் தெரியும்வரை நான்கில் எந்தப் பட்டியலில் வந்த எஞ்சினும் சந்தேகத்துக்குரியது. பழுதான மணி நேரங்களை, பழுது காலப்போக்கில் கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும் வைபுல் வரைதாளில் வரைந்தால் சாய்வு நிறையச் சொல்லும். சாய்வு 1-க்குக் கீழே என்றால் பொருத்துவதிலோ தயாரிப்பதிலோ பிழை. அங்கே ஓவர்ஹால் இடைவெளியைக் குறைத்தால் நிலைமை மோசமாகும், ஏனெனில் ஒவ்வொரு பிரிப்பும் புதிய பிழைக்கு வாய்ப்பு. 1-க்கு மேலே என்றால் தேய்மானம், இடைவெளியைக் குறைப்பது உதவும்.

சுகோய்-30எம்கேஐயின் ஏஎல்-31எஃப்பி எஞ்சின் இதற்குத் திறந்த பாடம். 2015 மார்ச்சில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் தந்த கணக்கின்படி, விசாரித்த 69 எஞ்சின் பழுதுகளில் 33 பேரிங்குகளின் உலோகக் களைப்பால் வந்தவை, 11 அதிர்வால், 8 எண்ணெய் அழுத்தக் குறைவால். மூன்றும் ஒரே எண்ணெய்ப் பாதையின் மூன்று முகங்களாக இருக்கக்கூடும் என்பதுதான் விசாரிப்பவர் முதலில் சோதிக்க வேண்டிய ஊகம். எஞ்சின் நிறுவனம் முன்வைத்த ஒன்பது மாற்றங்களில் பேரிங் இடைவெளி, மேற்பரப்பு மெருகு, பேரிங்குக்குப் போகும் எண்ணெய் அளவு ஆகியவை இருந்தன. மாற்றம் ஏற்ற எஞ்சின்களையும் ஏற்றாதவற்றையும் லாக் கார்டிலேயே பிரித்துக் காட்டாவிட்டால், மாற்றம் பலன் தந்ததா என்று இரண்டு ஆண்டு கழித்து யாராலும் சொல்ல முடியாது.

கடற்படையின் மிக்-29கே கதை மொத்த விகிதத்தைக் கவனிப்பதைப் பற்றியது. தலைமைத் தணிக்கையாளரின் 2016 அறிக்கை, 2010-இல் விமானம் சேர்ந்ததிலிருந்து 40 எஞ்சின்கள், அதாவது 62 சதவீதம், வடிவமைப்புக் குறைகளால் விலக்கப்பட்டதாகச் சொன்னது. விலக்கும் ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனி குறைபாட்டு அறிக்கை எழுதிக்கொண்டே போனால் இந்த விகிதம் யார் கண்ணிலும் படாது. மாதந்தோறும் எஞ்சின் வகைவாரியாக, திட்டமிடாமல் கழற்றியவை ஆயிரம் பறப்பு மணிக்கு எத்தனை என்று ஒரு கோடு வரையுங்கள். எந்த எண்ணைத் தாண்டினால் கூட்டம் கூட்டுவது என்பதைக் கோடு ஏறும் முன்பே தீர்மானித்து எழுதுங்கள்.

இடைக்கால நடவடிக்கையாக ஆய்வு விதித்தால், விரிசல் கண்ணுக்குத் தெரியும் அளவிலிருந்து உடையும் அளவுக்கு வளர ஆகும் காலத்துக்குள் குறைந்தது இரண்டு ஆய்வு வர வேண்டும். ஒன்று தவறினாலும் இன்னொன்று பிடிக்கும். வளர்ச்சிக் காலம் தெரியாத நிலையில் '25 மணிக்கு ஒருமுறை போரோஸ்கோப்' (எஞ்சினுக்குள் நுழைத்துப் பார்க்கும் கருவி) என்று எழுதுவது மனத் திருப்திக்கு மட்டும்.

உள்நாட்டு மாற்றுப் பாகங்கள்

ரப்பர் வளையம், வடிகட்டி, பேரிங், குழாய் என்று இறக்குமதிப் பாகங்களை உள்நாட்டில் செய்துகொள்ளும் கோப்புகள் இப்போது நிறைய வருகின்றன. பழைய பாகத்தை அளந்து வரைந்த வரைபடம் போதாது. அளந்தது ஒரே ஒரு பாகம் என்றால் அதன் தளர்வு வரம்பு உங்களுக்குத் தெரியாது. குறைந்தது பத்துப் பாகமாவது அளக்கச் சொல்லுங்கள், அவற்றில் பயன்படுத்தாதவை இருக்கட்டும், ஓடித் தேய்ந்த பாகத்தின் அளவு தேய்மானத்தையும் சேர்த்தே காட்டும். ரப்பர் என்றால் எஞ்சினில் உண்மையில் ஓடும் அதே எண்ணெயில், அதே வெப்பத்தில் ஊறவைத்து வீக்கமும் கடினமும் பார்க்க வேண்டும்; 'இதற்கு இணையான' எண்ணெய் ஏற்கத்தக்கதல்ல. பேரிங் என்றால் முதலில் பாகத்தை மட்டும் சோதிக்கும் ரிக், பிறகு டெஸ்ட் பெட்டில் முழு எஞ்சின், அதன் பிறகே பறப்பு.

முதலில் கொடுப்பது தற்காலிக அனுமதியாக இருக்கட்டும்: எத்தனை எஞ்சின், எத்தனை மணி நேரம், எந்த விமானங்கள் என்று வரம்பு எழுதி. இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் புதிய பாகம் போகக் கூடாது, ஒரே பிழை இரண்டையும் சேர்த்து நிறுத்தும். முதல் இரண்டு எஞ்சின்களை வரம்பு முடியும் முன்பே பிரித்து, பாகத்தை வெட்டி உலோகக்கூறு பார்த்து, அந்த அறிக்கையோடு வந்தால் நிரந்தர ஒப்புதல் கோப்பைத் திறவுங்கள். தற்காலிக அனுமதிக்கு முடியும் தேதி போட மறக்காதீர்கள். தேதி இல்லாதவை பத்தாண்டு கழித்தும் 'தற்காலிகமாக'ப் பறந்துகொண்டிருக்கும்.